எஃப்-150க்கு டொயோ ப்ராக்ஸஸ் எஸ்டி3 போட்டு 18,000 மைல் ஆச்சு, ஹூஸ்டன் மழையில எப்படி இருக்கு

மொதல்ல வண்டிய பத்தி சொல்லிடுறேன், ஏன்னா டயர் கேக்குறவங்க நெறைய பேரு வண்டியும் ரோடும் என்னன்னே சொல்லாம "எது நல்ல டயர்"னு மட்டும் கேக்குறாங்க, அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. என்னோடது 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 5.0 வி8, நாலு கதவு, பின் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டி, ஃபோர் வீல் கிடையாது. 20 இன்ச் ரிம்மு, கம்பெனில இருந்து வந்த சைஸ் 275/55 ஆர்20 (மொத நம்பர் அகலம் மில்லில, ரெண்டாவது சைட்வால், அதாவது டயரோட பக்கச் சுவர், அந்த அகலத்துல எத்தன பர்சன்ட் உயரம்னு, கடைசி ரிம் இன்ச்). இருக்குறது ஹூஸ்டனுக்கு தெக்க பேர்லாண்ட்ல. தெனமும் 288 ஹைவேல வேலைக்கு போறது வர்றது, வார கடைசில மீனாட்சி கோயில், மளிகை, பசங்களோட கிளாஸ், எப்பவாச்சும் யாராச்சும் வீடு மாத்துனா சோஃபா கட்டில் ஏத்துறது, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை எடுத்துட்டு போறது. மண்ணு ரோட்டுல வண்டி எறங்குனது வருஷத்துல ஒரு நாள் இருந்தா பெருசு.

ஆனா நான் மூணு வருஷம் ஓட்டுனது ஆல் டெர்ரெய்ன் டயர்ல, அதாவது மண்ணு, கல்லு, சேறுலயும் ஓட்டுறதுக்கான டயர்ல. பாக்க நல்லா இருக்கும், சைடுல வெள்ளை எழுத்து, தடிதடியா பட்டன் (ரோட்ட தொடுற ரப்பர் கட்டைங்க), ட்ரக்குன்னா இப்படித்தான் இருக்கணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு. 2023 கடைசில ஒரு நாள் சாயங்காலம் பெல்ட்வே 8ல இருந்து 288க்கு எறங்குற ராம்ப்ல, மழை ஆரம்பிச்சு பத்து நிமிஷம் கூட ஆகல, வேகமும் 40 மைல்தான், பின்பக்கம் அப்படியே வெளிய தள்ளிட்டு போச்சு. வண்டியே தானா பிரேக்க புடிச்சு நேராக்கிருச்சு, யாருக்கும் எதுவும் ஆகல, ஆனா பின் சீட்டுல என் பொண்ணு இருந்தா. வீட்டுக்கு வந்து டயர அளந்து பாத்தா பட்டன் ஆழம் 5/32 இன்ச் இருந்துச்சு, சட்டப்படி 2/32 வரைக்கும் ஓட்டலாம். சட்டப்படி சரியான டயருதான் அன்னைக்கு வழுக்குச்சு, அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன்.

பிக்கப்போட பிரச்சனை கார்ல இல்லாத பிரச்சனைங்க. எஞ்சின், கேபின், ஆளுங்க எல்லாம் முன்னாடி, பின்னாடி வெறும் பெட்டு. காலி வண்டியா ஓட்டுறப்ப பின் டயர் மேல பாரம் கம்மி, ஆனா 400 பவுண்ட்-ஃபுட் டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை) வர்றது அந்த பின் டயருக்குத்தான். ஆல் டெர்ரெய்ன் டயர்ல பட்டனுக்கு நடுவுல இடைவெளி பெருசா இருக்கும், சேறையும் கல்லையும் கவ்வுறதுக்காக அப்படி. ஈரமான காங்கிரீட்ல அந்த இடைவெளியே எதிரி, ஏன்னா ரோட்ட தொடுற ரப்பர் கம்மி, அந்த ரப்பரும் கல்லுல வெட்டு விழக்கூடாதுன்னு கொஞ்சம் கெட்டியா செஞ்சிருப்பாங்க. ரோடு டயர்ல ரப்பர் மெத்துனு இருக்கும், நடுவுல நீளமான கால்வாய் மாதிரி பள்ளம் ஓடும், தண்ணி அது வழியா பின்னாடி போயிரும்.

இதுல இன்னொன்னு, நாசாக்காரங்க விமான டயர வச்சு 1960கள்ல கண்டுபுடிச்ச ஒரு கணக்கு இருக்கு, டயர் காத்தோட பிஎஸ்ஐ எவ்வளவோ அதோட வர்க்கமூலத்த 10.35ஆல பெருக்குனா எத்தன மைல் வேகத்துல டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும்னு தோராயமா வரும். 35 பிஎஸ்ஐக்கு போட்டு பாருங்க, 61 மைல். அது பட்டன் தண்ணிய வெளியேத்த முடியாத நெலைமைக்கான கணக்கு, நல்ல பட்டன் இருந்தா இன்னும் மேல போகும், ஆனா 288ல மழையிலயும் 70ல பறக்குறாங்களே, அவங்கள்ல பாதிப்பேரு டயரு தேஞ்ச டயரு. அதுவும் 2025 ஜனவரி 1ல இருந்து டெக்சாஸ்ல சொந்த வண்டிக்கு வருஷாந்திர சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனே கிடையாது, புகை டெஸ்ட் மட்டும் இங்க ஹூஸ்டன் பக்கம் இருக்கு. முன்னாடி இன்ஸ்பெக்‌ஷன்லயாவது ஒருத்தர் குனிஞ்சு டயர பாத்தாரு, இப்ப நாமளே பாத்தாத்தான் உண்டு. தயவுசெஞ்சு பாருங்க.

சரி, டயர் தேடுன கதைக்கு வர்றேன்.

பிக்கப்புக்கு ரோட்டுல வேகமா ஓட்டுற டயருன்னு ஒரு ரகம் இருக்குறதே நம்மாளுங்க பலபேருக்கு தெரியல. இது புதுசும் இல்ல. ஃபோர்டு 1999ல இருந்து 2004 வரைக்கும் வித்த எஸ்விடி லைட்னிங் பிக்கப்புக்கு குட்இயர் ஈகிள் எஃப்1, 295/45 ஆர்18 போட்டுத்தான் குடுத்தான். டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10 பிக்கப் வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரோட வி10 எஞ்சின வச்சு வந்துச்சே, அதுக்கு பிரெல்லி ஸ்கார்பியன் ஸீரோ 305/40 ஆர்22. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடணும்னு பிக்கப் செஞ்சவங்க மொதல்ல மாத்துனது டயரத்தான். இன்னைக்கு அந்த ரகத்துல டொயோ ப்ராக்ஸஸ் எஸ்டி3, நிட்டோ என்டி420வி இதெல்லாம் இருக்கு, நிட்டோவும் டொயோவோட கம்பெனிதான்.

என் லிஸ்ட்ல கடைசியா நின்னது ரெண்டு. ஒன்னு டொயோ எஸ்டி3, இன்னொன்னு மிஷலின் டிஃபென்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ்2. மிஷலின் வேற ரகம், அது ஹைவே டயரு, 70,000 மைல் வாரண்டி குடுக்குறான், அமைதியா வருஷக்கணக்கா ஓடணும்னா அதுதான். ஆனா நான் ஓட்டுறது வருஷத்துக்கு 12,000 மைல்தான், அதுக்குள்ள 70,000 மைல் ஓட்டணும்னா ஆறு வருஷம் ஆயிரும், வெயில்ல நிக்குற வண்டில அத்தன வருஷம் ஒரே ரப்பர்ல ஓட்ட எனக்கு மனசில்ல. கம்மி வருஷம் ஓடட்டும், ஓடுற வரைக்கும் திருப்பத்துலயும் பிரேக்லயும் கெட்டியா புடிக்கட்டும்னு டொயோவுக்கு போனேன்.

இங்க ஒரு விஷயம் நிறுத்தி சொல்லணும், லோடு நம்பர். டயர் சைடுல சைஸுக்கு பக்கத்துல 113டி, 117வி அப்படின்னு இருக்கும். அந்த நம்பர்தான் ஒரு டயரு எவ்வளவு பாரம் தாங்கும்ங்கறது. 113ன்னா 1,150 கிலோ, 117ன்னா 1,285 கிலோ. எழுத்து வேகத்துக்கு, டின்னா மணிக்கு 190 கிலோமீட்டர், வின்னா 240. என் வண்டில வந்தது 113டி, டொயோ அதே சைஸ்ல 117வி, எக்ஸ்எல், அதாவது கூடுதல் பாரம் தாங்குற ரகம். பிக்கப்ல கார் ரக டயர் போடுறப்ப அந்த பாரத்த 1.1ஆல வகுத்துத்தான் கணக்கு பண்ணணும்ங்கறது இங்க இருக்குற விதி, ட்ரக்க ஆளுங்க ஓவர்லோடு பண்ணுவாங்கன்னு தெரிஞ்சே வச்ச விதி அது. அப்ப 1,150 கிலோ டயரு உங்க வண்டில 1,045தான் தாங்கும்னு அர்த்தம். அழகுக்காக 22 இன்ச் ரிம் போட்டு ஒல்லி சைட்வால் டயர் போடுறவங்க இந்த நம்பர பாக்கவே மாட்டேங்குறாங்க, அப்புறம் அதே வண்டில ட்ரெய்லர இழுக்குறாங்க. கதவ தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கு, அதுல என்ன இருக்கோ அதுக்கு கீழ எறங்காதீங்க. அதுக்காக எல்டி (லைட் ட்ரக்) டயருக்கும் ஓடாதீங்க, லோடு ரேஞ்ச் ஈ டயரெல்லாம் 80 பிஎஸ்ஐ வரைக்கும் காத்து அடிக்கிற சாதி, கனமா ட்ரெய்லர் இழுக்குறவங்களுக்கானது, காலி வண்டில கட்டை மாதிரி தூக்கி போடும்.

சைஸ மாத்தவும் ஆசை வந்துச்சு. 285/50 ஆர்20 போட்டா வண்டி கொஞ்சம் தாழ்வா, அகலமா, பாக்க அம்சமா இருக்கும். கணக்கு போட்டேன், என் பழைய டயரோட மொத்த உயரம் 810 மில்லி, இது 793. ரெண்டு பர்சன்ட் சின்னது, ஸ்பீடோமீட்டர் 70 காட்டுறப்ப நெஜமா 68.5லதான் போவோம், ஓடோமீட்டரும் அந்த அளவுக்கு கூட காட்டும். பெரிய தப்பில்ல. ஆனா அகலம் கூடக்கூட தண்ணி மேல மிதக்குறதும் கூடும், நான் டயர் மாத்துறதே மழைக்காகத்தான், அப்புறம் எதுக்குன்னு பழைய சைஸுலயே நின்னுட்டேன்.

மாட்ட போன மொத கடைல நடந்தத சொல்றேன், பேரு வேணாம். டயர் எடுத்துட்டு வந்து வச்சாங்க, சைடுல டாட் (DOT) எழுத்துக்கு கடைசில நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நான் போனது 2024 மார்ச், டயர்ல 3120ன்னு இருக்கு, அதாவது 2020ல 31வது வாரம் செஞ்சது. குடோன்லயே மூணரை வருஷம். கேட்டா "பரவால்ல, புதுசுதான்"னாரு. வேணாம்னுட்டு வந்துட்டேன். அடுத்த கடைல நாலும் நாலு மாசத்துக்குள்ள செஞ்சது, மாட்டி பேலன்ஸ் பண்ணி வரிங்க எல்லாம் சேத்து 1,200 டாலர ஒட்டி வந்துச்சு, அலைன்மென்ட் (சக்கரம் நேரா நிக்குதான்னு சரி பண்றது) தனி. அலைன்மென்ட மிச்சம் புடிக்காதீங்க, புது டயர ரெண்டே மாசத்துல ஒரு பக்கமா தின்னுரும். நட்ட ஏர் கன்ல அடிச்சு முடுக்கிட்டு விட்டுர விடாதீங்க, 2015க்கு அப்புறம் வந்த எஃப்-150க்கு 150 பவுண்ட்-ஃபுட், டார்க் ரென்ச்ல வைக்க சொல்லுங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க, அவங்க ஒன்னும் கோச்சுக்க மாட்டாங்க.

இப்ப ஓட்டம். மொத நாளே தெரிஞ்சது ஸ்டியரிங்லதான். முன்னாடி ஸ்டியரிங்க திருப்புனா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டு அப்புறம் திரும்பும், அந்த தடி பட்டனெல்லாம் நெளியிறதால. இப்ப திருப்புன உடனே மூக்கு திரும்புது. காலேஜ்ல ஓட்டுன கார் ஞாபகம் வந்துச்சு, 2 டன்னுக்கு மேல இருக்குற வண்டில அப்படி ஒன்ன நான் எதிர்பாக்கவே இல்ல. சத்தம் நல்லா கொறஞ்சிருச்சு, 288ல காங்கிரீட்ல 65ல போறப்ப முன்னாடி ஒரு ரீங்காரம் வந்துட்டே இருக்கும், அது போச்சு, வீட்டுக்காரம்மா போன்ல பேசுறது இப்ப ஊருக்கு கேக்குது.

ஆனா என் மனசுல இருந்தது மழை மட்டும்தான். 2024 ஜூலைல பெரில் புயல் வந்து போனதுக்கு அப்புறம் கரண்ட் இல்லாம தண்ணி, ஐஸ், ஜெனரேட்டருக்கு பெட்ரோல்னு அஞ்சாறு வீட்டுக்கு நானே சுத்துனேன். ரோட்டுல தண்ணி நிக்குது, சிக்னல் எரியல, எல்லா சந்திப்புலயும் நின்னு நின்னு போகணும், ஒரு தடவ முன்னாடி வண்டி திடீர்னு நின்னப்ப முழுசா பிரேக் அழுத்துனேன், நேரா, எங்கயும் இழுக்காம நின்னுச்சு. அந்த பெல்ட்வே ராம்ப்ல இப்பவும் மழைல எறங்குறப்ப வயித்துல ஒன்னு கெடந்து அடிக்கும், ஆனா பின்பக்கம் ஒரு தடவ கூட வெளிய போகல. காலியா இருக்குற பிக்கப் எதுவா இருந்தாலும் ஈரத்துல ஆக்ஸிலரேட்டர அழுத்துனா பின் டயர் சுத்தும், அத எந்த டயரும் மாத்தாது, கால்தான் மாறணும்.

இந்த ரகத்துல எதிர்பாக்க வேண்டியது ரெண்டு. சைட்வால் கெட்டி, அதனால பள்ளம் மேடு முன்ன விட தெரியும், 35 பிஎஸ்ஐக்கு மேல அடிச்சா இன்னும் தெரியும், காலைல வண்டி சூடாகுறதுக்கு முன்னாடி அளந்து வைங்க, பத்து டிகிரி ஃபாரன்ஹீட் மாறுனா ஒரு பிஎஸ்ஐ மாறும். ரெண்டாவது, ரப்பர் மெத்துனு இருக்குறதால ஹைவே டயர் அளவுக்கு ஆயுசு வராது. எனக்கு 10/32ல ஆரம்பிச்சது 18,000 மைலுக்கு அப்புறம் 7/32ல நிக்குது, 6,000 மைலுக்கு ஒரு தடவ முன்ன பின்ன மாத்தி போட்டுட்டு வர்றேன். நான் 4/32லயே கழட்டிருவேன், 2/32 வரைக்கும் மழைல ஓட்ட மாட்டேன், அப்படி பாத்தா மொத்தமா 35,000 மைல் கிட்ட வரும்.

தெனமும் நூறு மைல் ஓட்டுறவங்க மிஷலினே வாங்கிக்கோங்க. ஹில் கன்ட்ரி பக்கம் நெலம் வச்சிருக்குறவங்க, மாட்டுக்கு தீவனம் ஏத்துறவங்க ஆல் டெர்ரெய்ன விடாதீங்க, ஈரப்புல்லுல இந்த டயர் நிக்காது, நான் ஒரு பிக்னிக்ல புல்தரைல மாட்டிட்டு நாலு பேர் தள்ளித்தான் வெளிய வந்தேன். இத பனி பெய்யிற ஊர்ல இருக்குறவங்க அப்படியே எடுத்துக்காதீங்க, எங்க ஊர்ல 2021 பிப்ரவரி மாதிரி ஐஸ் விழுந்தா நான் வண்டியவே எடுக்கறதில்ல.

மச்சான் சுகர்லேண்ட்ல 2020 சில்வராடோ பிக்கப் வச்சிருக்கான், அவனும் 20 இன்ச்தான், அடுத்த மாசம் டயர் மாத்துறான். போன வாரம் அவன் வீட்டுக்கு போனப்ப கதவு ஸ்டிக்கரையும் பட்டனையும் நானே அளந்து எழுதிட்டு வந்துட்டேன், பின் டயர் உள்பக்கம் 3/32, வெளிய இருந்து பாத்தா தெரியவே இல்ல.