கையில் 11 காசு: வெஸ்னாத்தோடு மூன்று வருடம்

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் பெரிதாக வேலை இருக்காது. பனிமூட்டம் கடை வாசல் வரை வந்துவிட்டால் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாம் போய்விடுவார்கள். ஷட்டரை இறக்கவும் மனம் வராது, ஏதாவது ஓர் ஆதார் நகல் வந்தாலும் வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற, படை நகர்த்திச் சண்டையிடும் கணினி ஆட்டத்தை இறக்கினேன். இன்றும் அதே மடிக்கணினி, அதே ஆட்டம்.

அதற்கு முன்னால் போனில் ஒரு கோட்டை கட்டும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம், எல்லோர் போனிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கும். ஒரு மதிலை உயர்த்த மூன்று நாள் காத்திரு, இல்லாவிட்டால் பணம் கட்டு என்று கேட்கும். காத்திருப்பதுகூடப் பரவாயில்லை. இங்கே மழை வலுத்தால் நெட்வொர்க் போய்விடும். படையை இறக்கிவிட்ட பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும், திரும்ப வரும்போது சண்டை முடிந்து தோற்றுப்போயிருப்பேன். இரண்டு ஐப்பசி பார்த்தேன், அழித்துவிட்டேன்.

வெஸ்னாத்துக்கு இணையம் வேண்டாம், காசும் வேண்டாம். 2003-இல் டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கியது. அப்போதிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து வரும் கட்டற்ற மென்பொருள். என்னுடையது 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி. பேட்டரி செத்து வருடமாகிறது, மின்சாரம் போனால் அதோடு சரி. ஆனால் ஒவ்வொரு டர்னையும், அதாவது ஒவ்வொரு முறை ஆடும் வாய்ப்பையும், ஆட்டம் தானே சேமித்துக்கொள்கிறது. கம்பியில் மரம் விழுந்து ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனாலும் மறுநாள் அந்த டர்னிலிருந்தே தொடரலாம். இன்னொரு வசதி, இது ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் டர்ன் முறை ஆட்டம். பாதியில் எழுந்து போய் இருபது பக்கம் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாலும் ஓர்க் என்ற அரக்கர் கூட்டம் நின்ற கட்டத்திலேயே நிற்கும்.

எல்லோரும் இதைச் சண்டை ஆட்டம் என்பார்கள். எனக்கு இது கணக்கு நோட்டு. அறுகோணக் கட்டங்களாலான வரைபடம். ஆங்காங்கே ஊர்கள். உங்கள் ஆள் ஒருவன் போய் நின்றால் ஊர் உங்களுடையது. அவன் நகர்ந்த பிறகும், எதிரி வந்து மிதிக்கும் வரை உங்களுடையதுதான். டர்னுக்கு 2 காசு (ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் காசு) அடிப்படை வருமானம், ஊருக்கு 1 அல்லது 2 மேலே. செலவுப் பக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒவ்வொரு வீரனுக்கும் அவன் லெவல் எவ்வளவோ அவ்வளவு காசு, டர்ன் தவறாமல் சம்பளம். ஓர் ஊர் ஒரு லெவல் அளவுக்குச் சோறு போடும். மிச்சம் உங்கள் பையிலிருந்து போகும்.

முதல் வாரம் நான் செய்தது இதுதான். தொடக்கத்தில் கையில் 100 காசு. ஈட்டிக்காரன் ஒருவனுக்கு 14. ஏழு பேரை ஒரே மூச்சில் எடுத்தேன், 98 போயிற்று. கையில் இருந்த ஊர் இரண்டு. அடிப்படை 2, ஊருக்கு 2 வீதம் 4, ஆக வரவு 6. எல்லோரும் லெவல் 1, ஏழு பேர் சம்பளத்தில் இரண்டு பேருக்கு ஊர் பார்த்துக்கொள்ளும், பாக்கி 5 என் தலையில். ஆக டர்னுக்கு ஒரு காசு மிச்சம். எட்டாவது ஈட்டிக்காரனுக்குப் பன்னிரண்டு டர்ன் காத்திருக்க வேண்டும்!

அன்று கடைக்கு வந்திருந்த அம்மா பின்னால் நின்று பார்த்தார். எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை உண்டு, அதன் கணக்கு முழுக்க அவர் தலைக்குள்தான்.

"இவங்க எல்லாம் என்னடா சும்மா நிக்கிறாங்க?"

"சண்டைக்கும்மா."

"கூலி உண்டா?"

"நின்னாலும் உண்டு."

"கொழுந்து வர்றதுக்கு முன்னாடி யாராவது இத்தனை ஆள் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எத்தனையோ வழிகாட்டிக் காணொளிகள் பார்த்திருக்கிறேன், இந்த ஒரு கேள்விக்கு எதுவும் ஈடாகவில்லை. அதன் பிறகு முதல் டர்னில் ஊர் பிடிக்க ஓடக்கூடிய குதிரைக்காரன் ஒருவன், கூட மூன்று பேர், அவ்வளவுதான் எடுப்பேன்.

அடுத்தது பொழுது. விடியல், காலை, பிற்பகல், அந்தி, முன்ஜாமம், பின்ஜாமம் என்று ஆறு டர்னுக்கு ஒரு நாள் சுற்றி வரும். ஈட்டிக்காரன் போன்ற மனிதர்களுக்குப் பகலில் அடி 25% கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகளுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் தலைகீழ். எல்வ் என்ற காட்டு இனத்தவருக்குப் பொழுது ஒரு பொருட்டில்லை. ஆக, பிற்பகலில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கத் தெரிய வேண்டும். எனக்கு அது வர ஒரு வருடம் ஆனது. இப்போது அந்தி டர்ன் வந்தால் ஆட்களை மேட்டுக்கு ஏற்றிவிடுவேன். புல்வெளியில் நிற்கும் ஈட்டிக்காரன் மேல் நூற்றுக்கு 60 அடி படும், மலைக் கட்டத்தில் நின்றால் 40 தான். ஆழமில்லாத தண்ணீரில் நின்றால் 80. குதிரைக்காரனுக்கோ மலைக் கட்டத்தில் ஏறவே வழியில்லை. மலையில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன், ஆற்றில் நாலு பேரைப் பறிகொடுக்கும் வரை.

சரி, குறைக்கு வருகிறேன். எல்லாமே வாய்ப்புக் கணக்கில் ஓடுவதால் சில நாள் வயிறு எரியும். ஒரு தொடர் ஆட்டத்தில் (பல சண்டைகள் ஒரே கதையாக நீளும் ஆட்டம்) சாதாரண மந்திரவாதி ஒருத்தியை வளர்த்து வெள்ளை மந்திரவாதி ஆக்கி வைத்திருந்தேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு டர்னுக்கு 8 புள்ளி உயிர் ஊட்டுபவள், படைக்கே தாய் மாதிரி. எதிரே ஓர் எலும்புக்கூடு, ஒரே அடியில் போய்விடும் நிலையில். அவளுக்கு மூன்று வீச்சு, ஒவ்வொன்றும் 70% படும். மூன்றும் தவறின. எதிரி டர்னில் மூன்று எலும்புக்கூடுகள் சேர்ந்து அவளை முடித்தன. மூன்றும் தவற வாய்ப்பு 2.7%. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், கோபம் குறையவில்லை.

ஆட்டத்திலேயே புள்ளிவிவரச் சாளரம் ஒன்று உண்டு. எதிர்பார்த்த அடி எவ்வளவு, உண்மையில் விழுந்தது எவ்வளவு என்று காட்டும். என் துரதிர்ஷ்டத்தை நிரூபிக்க அதைத் திறந்தால், அந்தச் சண்டை முழுக்க நான் எதிர்பார்ப்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடித்திருந்தேன். மூடிவிட்டேன்.

பழைய சேமிப்பைத் திறந்து திருப்பி ஆடலாம், தடையே இல்லை. அங்கேதான் ஆட்டம் ருசி கெடுகிறது. ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் போனால் இரண்டு மணி நேரச் சண்டை ஐந்து மணி நேரம் இழுக்கும், ஜெயித்தாலும் சப்பென்று இருக்கும். கை தவறி வேறு கட்டத்தில் சொடுக்கினால் மட்டும் பின்னால் போவது என்று வைத்திருக்கிறேன். மந்திரவாதிக்காக அந்த விதியை மீறினேன். ஒரு தடவைதான்.

தொடர் ஆட்டங்களில் ஒரு சண்டை முடிந்தால், கையிருப்பில் பெரும்பாலும் 40% தான் அடுத்த சண்டைக்கு வரும். சீக்கிரம் முடித்தால் மிச்சமான டர்ன்களுக்குக் கூடுதல் காசு கிடைக்கும். ஆனால் பிழைத்த வீரர்கள் முழுசாக வருவார்கள். எந்த லெவலானாலும் திரும்ப அழைக்க வழக்கமாக 20 காசு. இதனால் காசைச் சேர்க்காமல் ஆளைச் சேர்க்க ஆரம்பித்தேன். அப்புறம் அதிலும் ஒரு வினை. லெவல் மூன்று வீரர்கள் நாலு பேரை அழைத்தால் டர்னுக்கு 12 காசு சம்பளம். கிழட்டுச் சிங்கங்களை வைத்து கையிருப்பு திவாலான சண்டைகள் எனக்கு இரண்டு உண்டு.

கணினி எதிரி புத்திசாலி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மேலே வந்து விழுவான், பின்வாங்குவது அபூர்வம். கதை வசனங்கள் நீளம், நான் பாதி தாண்டிவிடுவேன். தொடர் ஆட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் எழுதியது என்பதால் கடினமும் சீராக இல்லை. புதியவர்கள் 'டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' அல்லது 'சவுத் கார்ட்' என்று தொடங்குங்கள்.

ஆள் எதிரியோடு ஆடினால்தான் இதன் சுவை. ஒரே கணினியில் மாறி மாறி இருவர் ஆடலாம். அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வருவான். போனில் வளர்ந்த பையன், முதல் நாள் "என்ன மாமா, பொம்மை எல்லாம் நகரவே மாட்டேங்குது" என்றான். மூன்றாம் நாள் இரவெல்லாம் உட்கார்ந்து என் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அவன் ஓர்க்குகளைத்தான் எடுப்பான். காலாட்படை ஆள் 12 காசுதான், விலை குறைவு, சாகக் கொடுக்க மனசு கஷ்டமில்லை என்பது அவன் கட்சி.

போன லீவில் கடைசி ஆட்டம் முடியவில்லை, அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சேமித்து வைத்திருக்கிறேன். அந்தி முடிந்து முன்ஜாமம் பிறந்திருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவனுடைய ஆறு ஓர்க்குகள், இந்தப் பக்கம் மேட்டில் என் ஈட்டிக்காரர்கள் மூன்று பேர். கையில் 11 காசு. இன்னொருவனை எடுக்க மூன்று காசு குறைகிறது. டர்ன் அவனுடையது. மே மாதம்தான் வருவான்.