விக்சனரி: ஒரே சொல்லைக் கொண்டு ஒரு மதிப்பீடு

தன்னார்வலர்கள் எழுதித் திருத்தும் இலவச இணைய அகராதியான விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பு 2002 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அகராதியை எவரும் முதல் பக்கத்திலிருந்து வாசித்து மதிப்பிடுவதில்லை என்பதால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறாக, ‘ஸ்துதியும்’ என்ற இலத்தீன் பெயர்ச்சொல்லையும் அதன் வினையான ‘ஸ்துதேரே’யையும் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தின் ‘ஸ்டடி’, ‘ஸ்டூடன்ட்’ இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

படிப்பு என்பதோடு ஆர்வம், ஈடுபாடு, பற்று ஆகிய பொருள்களையும் இலத்தீன் பதிவு தருகிறது. இது முக்கியமானது; ஏனெனில் உரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ், சினமும் ‘ஸ்துதியு’மும் இன்றி எழுதுவேன் என்று வாக்களித்தபோது, படிக்காமல் எழுதுவேன் என்றா சொன்னார்? பக்கச்சார்பு இல்லாமல் எழுதுவேன் என்றே சொன்னார்.

இந்த அகராதியின் பெரும்பலம் வழித்தோன்றல் பட்டியல், அதாவது ஒரு சொல்லிலிருந்து பிற மொழிகளில் பிறந்த சொற்களின் வரிசை. வேறு மொழிக்குக் கடனாகச் சென்ற சொற்களுக்கு முன் அம்புக்குறி இருப்பதால், பரம்பரையாக வந்ததையும் கடனாகப் பெற்றதையும் பார்த்த கணத்திலேயே பிரித்தறியலாம். இத்தாலியம் ‘ஸ்தூதியாரே’ என மூலத்தை ஒட்டியே நிற்கிறது. ஸ்பானியமோ ‘எஸ்துதியார்’ என்று முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சொல்லின் தொடக்கத்தில் ஸகரமும் இன்னொரு மெய்யும் இணைந்து வருவது அம்மொழியின் நாவுக்கு ஒத்துவருவதில்லை. ‘இஸ்கூல்’ என்றும் ‘இஸ்டேஷன்’ என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்ச்சுகீசியம் இகரத்தையும் விட்டுவிட்டு ‘எஷ்துதார்’ என்கிறது. பழைய பிரெஞ்சிலும் அந்த எகரம் இருந்தது. ஆனால் அங்கே ஸகரம் மெல்ல ஒலியிழந்தது. பிரெஞ்சு மொழிக்கான அமைப்பான பிரெஞ்சு அகாதெமியின் 1740ஆம் ஆண்டு அகராதிப் பதிப்பு, இத்தகைய ஒலிக்காத ஸகரங்களைப் பல சொற்களின் எழுத்திலிருந்தே நீக்கியது. இன்றைய ‘எத்யூதியே’ அவ்வாறு உருவானது. பழைய பிரெஞ்சிலிருந்து சொல்லைப் பெற்ற ஆங்கிலம், எகரத்தை உதறி ஸகரத்தை வைத்துக்கொண்டது.

வடிவங்களின் வரலாற்றில் இவ்வளவு துணை செய்யும் பட்டியல், பொருளின் வரலாற்றில் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. பட்டியலில் சொற்கள் அருகருகே நிற்பதால் அவை ஒரே பொருளுடையவை என்று புதியவர் எண்ணிவிடக்கூடும். ஜெர்மனில் ‘ஷ்டுடீரென்’ என்றால் பல்கலைக்கழகத்தில் பயில்வது; பள்ளிப் பிள்ளை வீட்டுப்பாடம் படிப்பதற்கு ‘லெர்னென்’ என்ற வேறு வினை உண்டு. பள்ளி மாணவரை ஜெர்மானியர் ‘ஷ்யூலர்’ என்றும் பிரெஞ்சுக்காரர் ‘எலேவ்’ என்றும் அழைப்பார்கள். போலிஷ் மொழியிலும் ‘ஸ்துதென்த்’ என்பவர் உயர்கல்வி பயில்பவரே. சுவீடனில் வெள்ளைத் தொப்பி அணிந்து கொண்டாடப்படும் ‘ஸ்துதென்தென்’ என்பதோ மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் நிகழ்வு. ஆங்கிலத்தின் தாராளமே விதிவிலக்கு: பள்ளிச் சிறுவரும் முனைவர் பட்ட ஆய்வாளரும் அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்குவர். இந்த வேறுபாடுகளை அறிய ஒவ்வொரு மொழியின் பதிவையும் தனித்தனியே திறந்து, கிடைத்ததை நாமே கோத்துக்கொள்ள வேண்டும்.

அப்படித் திறப்பதில் பலனும் உண்டு. இத்தாலிய ‘ஸ்தூதியோ’ படிப்பையும், படிப்பறையையும், வழக்கறிஞரின் அலுவலகத்தையும், ஓவியரின் பணிக்கூடத்தையும் குறிக்கும். நம் ஊர்ப் புகைப்பட ‘ஸ்டுடியோ’ ஆங்கிலத்தின் வழியே அங்கிருந்து வந்ததுதான். பிரெஞ்சு ‘எத்யூத்’ இசைப் பயிற்சிக்கான சிறு படைப்பையும் குறிக்கும். இசையமைப்பாளர் ஷோப்பின் 1833இல் வெளியிட்ட பியானோப் படைப்புகள் அப்பெயரால் அறியப்பட்டவை.

சொற்பிறப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும், ஒலியொற்றுமையை நம்பி ‘மாணவர்’ என்று எழுதுமுன், அந்தந்த மொழிக்கான தனி அகராதி ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.