முதல் பிளாண்டட் டேங்க்: அக்வாசாயிலா, செம்மண்ணா, வெறும் மணலா?

பெங்களூரில் முதன்முதலாகச் செடிகளோடு மீன்தொட்டி வைக்க நினைக்கும் நம்மவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: "அக்வாசாயில் போடணுமா? சிஓ2 சிலிண்டர் வேணுமா?" அக்வாசாயில் என்பது தொட்டிச் செடிக்கான மண் உருண்டை, சிஓ2 என்பது செடிக்கு ஊட்டும் கார்பன் டை ஆக்சைடு. இந்த இரண்டு கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது காவிரியா, போர்வெல்லா, டேங்கரா? செடியும் விளக்கும் ஒன்றாகவே இருந்தாலும், அல்சூரில் தழைத்தது வொயிட்ஃபீல்டில் மஞ்சளாகி நிற்கும். என் அக்கா வீடு அல்சூரில், அங்கே காவிரி; நான் இருப்பது வொயிட்ஃபீல்டில், இங்கே போர்வெல். எங்கள் இரண்டு தொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் எழுதுகிறேன்.

ஒப்பிட வசதியாக இரண்டடித் தொட்டியையே எடுத்துக்கொள்வோம்: 60 × 30 × 36 செ.மீ. விளிம்புவரை நிரப்பினால் 65 லிட்டர். மண், கல், மரக்கட்டை போக 50 லிட்டருக்குச் சற்று மேல் நிற்கும். மேசைமேல் வைக்கிற 10 லிட்டர்ப் பெட்டி விலை குறைவுதான். ஆனால் அதில் ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தாலே ஒரே இரவில் தண்ணீர் கெட்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவகாசம் தருவது நிறையத் தண்ணீர்தான். மொத்த எடை 80 கிலோவை ஒட்டி வரும், டிவி ஸ்டாண்டை நம்ப வேண்டாம்.

குழாயில் வருவது என்ன?

காவிரி நீர் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கி.மீ. தாண்டி நம் சம்புக்கு வந்து சேர்கிறது. போர்வெல்லோடு பார்த்தால் கடினத்தன்மை மிகக் குறைவு. குளோரின் இருக்கும், மீனையும், கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொல்லும் என்பதால் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். சம்பில் இரண்டு நாள் கிடந்த தண்ணீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். மூடிய சம்பில் குளோரின் அவ்வளவு சீக்கிரம் போகாது.

போர்வெல் கதை வேறு. பாறை இடுக்குகளில் ஆழத்தில் கிடந்த நீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு வரும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி.க்குள் இருப்பதே நல்லது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. கீசரில் வெள்ளைப் படிவு கட்டும் வீடு என்றால் உங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியபின் ஊரின் வெளிவட்டத்து 110 கிராமப் பகுதிகளுக்கும் குழாய் நீண்டிருக்கிறது. ஆனாலும் அடுக்குமாடிகளில் காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றையும் ஒரே சம்பில் கலப்பது சகஜம். பக்கத்து பிளாக்கில் நன்றாக வளர்கிறது என்பதை ஆதாரமாகக் கொள்ளாமல் உங்கள் வாளித் தண்ணீரையே சோதியுங்கள்.

அடுக்குமாடிக்காரர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பல குடியிருப்புகளில் சாஃப்ட்னர், அதாவது கடின நீரை மென்னீராக்கும் கருவி, உண்டு. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் கார்பனேட் அப்படியே இருக்கும், பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்காது, கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் ஏறக்குறையப் பழைய எண்ணையே காட்டும். செடிக்குத் தேவையான கால்சியம், மெக்னீசியம் போய்விட்டது, வேண்டாத சோடியம் வந்துவிட்டது. எல்லாத் தண்ணீரிலும் செடிக்கு மோசமானது இதுதான் என்பது என் எண்ணம். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறதா என்று பராமரிப்பு ஆட்களிடம் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். டிடிஎஸ் மீட்டரை விட, கேஹெச் (கார்பனேட் அளவு), ஜிஹெச் (கால்சியம், மெக்னீசியம் அளவு) இரண்டையும் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி பயன்படும்.

மூன்று அடித்தளங்கள்

அக்வாசாயில் என்பது சத்துள்ள மண்ணைச் சிறு உருண்டைகளாக்கிச் சுட்டது. ஜப்பானின் தகாஷி அமானோ வளர்த்தெடுத்த தொட்டி அழகியலோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. இதன் பலம் இரண்டு: வேருக்கு உடனே உணவு கிடைக்கும், தண்ணீரிலுள்ள கார்பனேட்டை உறிஞ்சிப் பிஹெச்சை 7க்குக் கீழே இறக்கும். முதல் சில வாரங்கள் இது அம்மோனியாவையும் கசியவிடும். காவிரித் தண்ணீரில் அது பெரிய ஆபத்தில்லை, ஏனென்றால் பிஹெச் குறைந்த நீரில் அம்மோனியா பெரும்பகுதி அம்மோனியமாக, நச்சுக் குறைந்த வடிவில் இருக்கும்.

போர்வெல் தண்ணீரில் கணக்கே தலைகீழ். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் புதுக் கார்பனேட் வந்து இறங்குகிறது. அதை உறிஞ்சி உறிஞ்சி மண்ணின் சக்தி சில மாதங்களில் தீர்ந்துபோகும். பிஹெச் 8ஐ ஒட்டியே நிற்கும். 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7இல் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும்; 8இல் ஏறக்குறைய 5 பங்கு. அதாவது, விலை கொடுத்து வாங்கிய பையிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது நன்மையைவிட அபாயம்தான். போர்வெல் வீட்டில் அக்வாசாயில் போடுவது, ஆர்ஓ தண்ணீரில் தாது உப்புகளைச் சேர்த்துத் தொட்டி நடத்தத் தயாராக இருந்தால் மட்டும் பொருந்தும். ஆர்ஓ எந்திரம் கழிக்கும் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர்ச் செலவு இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. அக்வாசாயில் தொட்டிக்கு முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்வார்கள், நம் கணக்கில் தினம் 25 லிட்டர். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊர் இது. தொட்டியை ஜூலைக்கு மேல் தொடங்குங்கள், எடுத்த தண்ணீரை மாடிச் செடிகளுக்கு ஊற்றுங்கள்; நைட்ரஜன் சத்துள்ள அந்தத் தண்ணீரில் கறிவேப்பிலை நன்றாகத் துளிர்க்கும்.

இரண்டாவது வழி, சாதாரண மண்ணைப் போட்டு மேலே மணலால் மூடுவது. டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரால் பரவியது. அடியில் 2.5 செ.மீ. மண், மேலே அதே அளவு பருமணல், முதல் நாளே நெருக்கமாகச் செடி. மண்ணிலுள்ள மக்கு சிதையும்போது கார்பன் டை ஆக்சைடு தானாக வெளிவரும். கடின நீரில் இரும்புச்சத்து கரையாமல் படிந்துவிடும், இலை வெளுக்கும். ஆனால் காற்றில்லாத மண்ணுக்குள் இரும்பு கரைந்த நிலையில் வேருக்குக் கிடைக்கும். பெங்களூர்ச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. போர்வெல் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் எனக்குத் தெரியவில்லை. என் தொட்டியில் வாலிஸ்நேரியாச் செடி பின்சுவர் முழுவதும் நிறைந்து நிற்பதற்குக் காரணம் இந்த மலிவான மண்தான்.

மண்ணை எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். லால்பாக் பக்கத்துச் சித்தாபுரம் நர்சரிகளில் 'மிக்ஸ்' என்று கொடுப்பதை வாங்காதீர்கள். அதில் எரு, யூரியா, வேப்பம் புண்ணாக்கு ஏதாவது கலந்திருக்கலாம். இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டுக் குளத்து மீனை ஒழிப்பது நம் ஊர் மீன்வளர்ப்பில் பழைய வழக்கம். வேப்பம் புண்ணாக்கும் மீனுக்கும் இறாலுக்கும் ஆகாது. வெறும் செம்மண் கேட்டு வாங்கி, சலித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, இதையே இரண்டு மூன்று முறை செய்து, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பிடி மட்டும் சேருங்கள். மண் தடிமன் கூடினால் அடியில் அழுகி, முட்டை நாற்றம் வரும்.

இதன் பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் பெங்களூரில் அது பெரியது: கலைக்க முடியாது. செடியைப் பிடுங்கினால் தண்ணீர் சேறாகும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் வீடு மாற்றும்போது இந்தத் தொட்டியைத் தூக்க முடியாது.

அவர்களுக்காகத்தான் மூன்றாவது வழி. வெறும் மணலைப் போட்டு, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகளைக் கல்லிலும் கட்டையிலும் நூலால் கட்டுவது. இவற்றின் கிழங்குபோன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கட்டினால் வருடக்கணக்கில் இருக்கும். வீடு மாறும்போது கட்டையோடு எடுத்து வாளியில் வைத்துக்கொள்ளலாம். மணலில் வேர்விடும் கிரிப்டோகரைன் வேண்டுமென்றால் வேர்ப் பக்கத்தில் உரமாத்திரை செருகுங்கள். எம்-சாண்ட் போடலாமா என்று கேட்பார்கள்: தூள் போகக் கழுவினால் செடிக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் முனைகள் கூர்மை, அயிரைபோல் அடியில் துழாவும் மீனுக்கு மீசை புண்ணாகும். இந்தத் தொட்டி மெதுவாகத்தான் வளரும். அடர்ந்த காடு வேண்டுவோருக்கு ஏமாற்றமே.

சிஓ2 சிலிண்டரை முதல் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன். அது செடியை வேகப்படுத்துகிறது. அதோடு பாசியையும், உரத் தேவையையும், தவறின் விளைவையும் வேகப்படுத்துகிறது. லிட்டருக்கு 30 மி.கி. அளவைத் தினமும் ஒரே சீராக வைத்தால்தான் பலன். ஏறி இறங்கினால் கருந்தாடிப் பாசி பிடிக்கும். சிவப்பு ரோட்டாலாவும் தரைவிரிப்புச் செடியும்தான் வேண்டும் என்றால் காவிரித் தண்ணீர், அக்வாசாயில், சிஓ2 மூன்றும் சேர்ந்தே வரட்டும், இரண்டாவது வருடத்தில்.

விளக்கு தினம் 6 மணி நேரம் போதும், டைமரில் விடுங்கள். ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் வகை போதும்.

ஆக, அக்கா வீட்டுக்கு அக்வாசாயில், சிஓ2 இல்லாமல். எனக்குச் செம்மண். வாடகை வீட்டு நண்பர்களுக்கு மணலும் அனுபியாஸும்.

செடி வாங்கச் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போனால், "அண்ணா, இது தண்ணிக்குள்ள வளந்ததா, வெளியில வளந்ததா?" என்று கேளுங்கள். நர்சரியில் தண்ணீருக்கு மேலே வளர்த்த செடி, தொட்டியில் பழைய இலைகளைக் கரையவிட்டுத்தான் புது இலை விடும். கிரிப்டோகரைன் மொத்தமாக உருகி, வேரிலிருந்து மறுபடி வரும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

மீனுக்கு அவசரம் வேண்டாம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு விடுங்கள். போர்வெல் தண்ணீருக்குக் கப்பி, மோலி. காவிரிக்கு ராஸ்போரா, டெட்ரா. இரண்டுக்கும் சரிப்படுவது நம் நாட்டு வரிக்குதிரை டேனியோ, டிசம்பர்க் குளிரையும் ஹீட்டர் இல்லாமல் தாங்கும். ஃபைட்டர் மீன் என்றால் ஹீட்டர் வாங்கிவிடுங்கள். பாசி தின்னும் என்று சொல்லி 'டேங்க் கிளீனர்' சக்கர் மீனைக் கையில் கொடுப்பார்கள். ஓர் அடிக்கு மேல் வளர்ந்து செடிகளைப் பெயர்க்கும். வளர்ந்ததும் ஏரியில் விடுகிறார்கள், அங்கே அது நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. வாங்காதீர்கள், பாசிக்கு நத்தையும் செர்ரி இறாலும் போதும்.