ஏற்றுமதி இறாலும் முதுநகர் கானாங்கெளுத்தியும்

கடலூரில் ஏற்றுமதி இறால், உள்ளூரில் விற்கும் கானாங்கெளுத்தி இரண்டையும் பார்க்கலாம். ஏற்றுமதி இறாலில் குளோரம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் எச்சம் தெரிந்தால் ஐரோப்பா சரக்கை ஏற்காது. அந்தப் பயம் பண்ணை வரை ஒழுங்கைக் கொண்டுவருகிறது.

கடலூர் முதுநகரில் கூடையில் விற்கும் கானாங்கெளுத்திக்கும் விதி உண்டு. 1963-இல் தொடங்கிய சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையம், இவ்வகை மீனில் ஹிஸ்டமின் (மீன் கெடும்போது உருவாகும் நச்சுப்பொருள்) கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. 1995 முதல் உலக வர்த்தக அமைப்புக்கும் கோடெக்ஸ்தான் அளவுகோல். நம் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சர்வதேசத் தரங்களைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

சரி, வெயிலில் தார்ப்பாயில் கிடக்கும் மீனை யார் சோதிப்பது? ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் கொதிக்கிற குழம்பிலும் அழியாது. என்னைக் கேட்டால், அடுத்த ஆய்வகம் உள்ளூர் ஏலக்கூடத்துக்குத்தான் வர வேண்டும். அதுவரை ஐஸ் நிறையப் போட்ட கூடையாகப் பார்த்து வாங்குங்கள்.