டுரியான் மரத்துக்கு ஊசி போட்டு நான்கு வருடம்

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் அப்பா நட்ட பதினோரு டுரியான் மரங்கள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. ஐந்து ஆங் ஹே என்னும் பெயர்பெற்ற ரகம், மீதி கம்போங் எனப்படும் நாட்டு மரங்கள். 2021 மழைக்காலத்தில் மேட்டோரத்துப் பெரிய ஆங் ஹேயின் உச்சிக் கிளையில் இலை மஞ்சளித்துக் கொட்ட ஆரம்பித்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டேன். இரண்டு மாதம் வீணாகப் போயிற்று.

ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அடிமரத்தில் இடுப்பு உயரத்தில், எண்ணெய் தடவினாற்போல ஓர் ஈரத் திட்டு. வெயில் ஏறியதும் காய்ந்துவிடுவதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. மேல்பட்டையைக் கத்தியால் சீவினேன். வெளிறி இருக்க வேண்டிய உள்பட்டை செம்பழுப்பாக அழுகியிருந்தது. ஓரத்தில் குண்டூசி குத்தியதுபோல வண்டுத் துளைகள். வண்டு பிறகு வந்து சேர்ந்தது. மூல காரணம் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற கிருமி. பூஞ்சை என்றே நாம் சொல்கிறோம், ஆனால் இது ஈரத்தில் நீந்திப் பரவும் வேறு வகை உயிரி. அதனால் சாதாரண பூஞ்சைமருந்து பலவும் இதனிடம் பலிப்பதில்லை.

"மேல தெளிச்சு என்ன ஆவப்போவுது தம்பி? மரத்துக்குள்ள ஏத்து" என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. அவர் சொன்னது பாஸ்பரஸ் அமில மருந்து. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1980களிலேயே வெண்ணெய்ப்பழ மரங்களின் வேரழுகலுக்கு இதை ஊசியாகப் போட்டார்கள். குளிர்நாட்டு எல்ம் மரங்களின் வாடல் நோய்க்கும் அடிமரத்தில்தான் ஊசி போடுகிறார்கள். ஆனால் அந்த நோய்க்குக் காரணம் வண்டு கொண்டுவந்து, மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கும் நிஜப் பூஞ்சை. அங்கே மருந்து மேலே உச்சிவரை ஏறினால் போதும். நம் மருந்து மேலே போய், இலையிலிருந்து பட்டை வழியாக வேருக்கும் இறங்க வேண்டும். இறங்கவும் செய்கிறது. கிருமியைத் தடுப்பதோடு மரத்தின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடுகிறது.

முதல் தடவை கூலிக்கு ஆள் வைத்தேன். அவர் அழுகின திட்டிலேயே துளை போட்டு, மருந்தையும் கெட்டியாக ஏற்றிவிட்டார். இலை ஓரம் கருகியது, துளையைச் சுற்றிப் பட்டை வெடித்தது. அந்தக் காயம் இன்னும் மூடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதற்குப் பிறகு எல்லா மரத்துக்கும் நானே போடுகிறேன்.

ஸ்பிரிங் வைத்த 20 மில்லி ஊசிகளைத்தான் வைத்திருக்கிறேன். கூரான டிரில் முனை, மெதுவான வேகம், நல்ல பட்டையில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்த துளை. கலவை லேபிளில் போட்டிருக்கும் அளவு, ஒரு சொட்டும் கூட்டுவதில்லை. முந்தின நாள் மழை பெய்து மறுநாள் காலை பளிச்சென்று வெயில் அடித்தால் அரைமணி நேரத்தில் மருந்து உள்ளே போய்விடும். மப்பும் மந்தாரமுமான நாளில் மத்தியானம்வரை பாதி ஊசி அப்படியே நிற்கும். கொழுந்து விடும்போதும் பூக்கும்போதும் போடமாட்டேன். சாறு கொழுந்துக்கு ஓடும் நேரத்தில் போட்டால் வேருக்கு என்ன மிஞ்சும்? பழம் முடிந்து, புது இலை முற்றிய பிறகு, பெருமழைக்கு முன்னால் ஒரு சுற்று.

பலன் உடனே தெரியாது. ஈரத் திட்டு காய்ந்து விளிம்பு தடித்து வர ஆறு மாதம் ஆனது. உச்சியில் இலை அடர்ந்தது இரண்டாம் வருடத்தில்தான். பள்ளத்தில் நின்ற இரண்டு கம்போங் மரங்களுக்கும் இதே ஊசிதான் போட்டேன், ஒன்று செத்துவிட்டது. அங்கே தண்ணீர் தேங்கியது. வாய்க்கால் வெட்டிய பிறகே மற்றது தேறியது. தண்ணீர் வடியாத இடத்தில் ஊசிக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்றே சொல்வேன், முதலில் மண்வெட்டியை எடுங்கள்.

மேட்டோரத்து ஆங் ஹே இந்தப் பருவம் நன்றாகவே காய்த்தது. போன வாரம் அதன் வடக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக ஒரு ஈரம் தெரிந்தது. சீவி மருந்து தடவி, சுற்றிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோட்டைத் தாண்டுகிறதா என்று தினம் காலையில் பார்க்க.