நெட்டி முறிப்பவரா, பயிற்சி தருபவரா, கடற்கரை நடையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகு பிடித்துக்கொண்டால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், கல்யாண வீடு ஒன்றில் இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். ஓர் ஆன்ட்டி தன் கைரோபிராக்டரின், அதாவது முதுகெலும்பைக் கையால் தள்ளி நெட்டி முறிப்பவரின், எண்ணைத் தருவார். பக்கத்தில் இருக்கும் அண்ணன் "அதெல்லாம் வேண்டாம், பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம், நம்ம பிசியோவிடம் போ" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர், தலையைக்கூடத் தூக்காமல், "காலையில் கடற்கரையில் நட, சரியாகிவிடும்" என்பார். வலி வந்த பிறகு முதல் இருவரில் யாரிடம் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி திரும்பி வராமல் இருக்க மூன்றாமவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். இது என் கட்சி.

கைரோபிராக்டிக்கின் பிறப்பு கொஞ்சம் வேடிக்கையானது. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர், ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி அவருடைய காது கேட்காமையைப் போக்கியதாகச் சொன்னார். அதிலிருந்து, நோய்களுக்கெல்லாம் முதுகெலும்பே மூலம் என்ற கொள்கை கிளம்பியது. இன்றும் ஆஸ்துமாவுக்கும் காதுவலிக்கும் முதுகைச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அதற்காக இங்குள்ளவர்களை அரைகுறை என்று ஒதுக்கிவிட முடியாது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் நான்காண்டு இளநிலை, அதன்மேல் முதுநிலை படித்து, 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே ஒருவர் கைரோபிராக்டராகத் தொழில் நடத்த முடியும். (இரண்டு கல்லூரிகள் இணைந்த அந்த டர்பன் பல்கலைக்கழகத்தின் ஒரு பாதி, ஒப்பந்தக் கூலியாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்து செல்வந்தரான எம். எல். சுல்தானின் கொடையில் எழுந்த கல்லூரி. நம்மவர்கள் அங்கே கொஞ்சம் உரிமையோடு நுழையலாம்.) பிசியோதெரபிஸ்டுகள் நான்காண்டுப் பட்டமும் ஓராண்டு சமூக சேவையும் முடித்தவர்கள். இருவரிடமும் டாக்டரின் கடிதம் இல்லாமலே போகலாம். பிசியோ அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. கைரோபிராக்டர்கள் பெரும்பாலும் தனியார்தான், ஆகவே பணம் கையிலிருந்தோ, மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டிலிருந்தோ போகும். சிக்கனம் வேண்டுமென்றால், அதே பல்கலைக்கழகத்தின் கிளினிக்கில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை தருகிறார்கள்.

உள்ளே நடப்பதுதான் வேறு. கைரோபிராக்டர் உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் வைத்து, மூச்சை விடும் நேரம் பார்த்து வெடுக்கென்று ஒரு தள்ளு தள்ளுவார். 'டக்' என்று ஒரு சத்தம். விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று பலரும் நம்புவது இதை வைத்துத்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாவதால் எழும் சத்தம் அது; விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதுவே. சுகம் உண்மை, விளக்கம்தான் தப்பு. பிசியோவிடம் இந்த நாடகம் குறைவு. காலைத் தூக்கு, இடுப்பை உயர்த்து, பத்து எண்ணு என்பார். கடைசியில் கையில் ஒரு பயிற்சித் தாள். அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே நிறம் மங்கும் வீடுகள் ஏராளம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது: பயிற்சியும் சரி, முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் சரி. மருந்துக்கடையில் விற்கும் இடுப்பு பெல்ட்டை வேண்டாம் என்கிறது.

கழுத்து விஷயத்தில் மட்டும் நான் பிசியோ பக்கம். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது, மிக அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. மென்மையான வழி இருக்கும்போது அந்த அபாயம் எதற்கு?

இனி, மாதாமாதம் வந்து 'சரிசெய்துகொண்டால்' வலியே வராது என்ற பேச்சு. கைரோபிராக்டிக்கால் ஏற்கனவே பலன் கண்டவர்களை வைத்து ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது. தொடர் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட, ஓராண்டில் வலி தொல்லை தந்த நாட்கள் ஏறக்குறைய 13 குறைந்தன. பூஜ்யம் இல்லைதான். ஆஸ்திரேலியாவில் இடுப்புவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. பாதிப்பேரை பிசியோவின் வழிகாட்டலோடு, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடக்கவைத்தார்கள். சும்மா இருந்தவர்களில் பாதிப்பேருக்கு வலி திரும்ப 112 நாள் ஆனது, நடந்தவர்களில் பாதிப்பேருக்கு 208 நாள். டர்பன் கடற்கரை நடைபாதைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பாதையும் தட்டையானது.

நம்மவர்களுக்கு முதுகு போவது பல நேரம் திடீர்ப் பாரத்தால். வருடம் முழுக்க காரிலும் சோபாவிலும் உட்கார்ந்திருந்துவிட்டு, தைப்பூசத்தன்று விரத உடம்போடு காவடியைத் தோளில் ஏற்றுகிறோம். அல்லது கோயில் சமையற்கட்டில் பிரியாணிப் பானையை இரண்டே பேர் தூக்குகிறோம். மரக்கறி பிரியாணி என்றாலும் கனம் கனம்தான். இதற்கு எந்த மேசையிலும் படுக்க வேண்டியதில்லை. காவடிக்கு ஆறேழு வாரம் முன்பே நடக்கத் தொடங்கி, சிறிய சுமையிலிருந்து தோளைப் பழக்கலாம். பானைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடலாம்.

காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, மூவரில் யாரிடமும் போகாதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.