மான்சோனா, ஹாக்லரா? 15 சுற்று, ஒரு அங்குலம்

1977 ஜூலை 30 அன்று மான்டி கார்லோவில் அர்ஜென்டினாவின் குத்துச்சண்டை வீரர் கார்லோஸ் மான்சோன் கடைசியாக ரிங்கில் இறங்கினார். ரோட்ரிகோ வால்டெஸை 15 சுற்று ஆடிப் பாயிண்டில் ஜெயித்தார், உலக மிடில்வெயிட் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓய்வு பெற்றார். அன்று அமெரிக்காவின் மார்வின் ஹாக்லருக்கு வயது 23. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒருவர் கிளம்பிய வேளையில் இன்னொருவர் வாசலில் நின்றிருந்தார். இருவரும் மோதியதே இல்லை, மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்பதுதான் கேள்வி. இந்தச் சண்டைக்கு ரொம்பக் கற்பனை வேண்டாம். காலண்டரைப் பத்து வருஷம் நகர்த்தினால் போதும்.

நான் எடுத்துக்கொள்வது 1972-ன் மான்சோனை, 1983 தொடக்கத்தில் டோனி சிப்சனை ஆறே சுற்றில் முடித்த ஹாக்லரை. எடை 160 பவுண்டு. சுற்று 15; இதில் மட்டும் பேரம் கிடையாது. இடம் மான்டி கார்லோ. மான்சோனுக்கு அது இரண்டாவது வீடு மாதிரி என்று யாராவது சொல்லலாம். சரிதான், ஆனால் ஹாக்லரும் 1979-ல் அங்கே ஆடி ஜெயித்தவர்தான். பியூனஸ் அயர்ஸிலோ மாசசூசெட்ஸிலோ வைத்துவிட்டு அப்புறம் நடுவர்களைத் திட்டுவதற்கு இது மேல்.

ஏட்டுக் கணக்கில் இருவரும் அண்ணன் தம்பி போல. மான்சோன் 87 வெற்றி, 3 தோல்வி, 9 டிரா. ஹாக்லர் 62 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா. நாக்அவுட் 59-க்கு 52. பட்டத்தைத் தக்கவைத்தது 14 முறைக்கு 12 முறை. மான்சோனின் மூன்று தோல்விகளும் ஆரம்ப காலத்தவை. 1964-க்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவரை யாரும் ஜெயிக்கவில்லை. ஹாக்லரின் மூன்றாவது தோல்விதான் அவருடைய கடைசி ஆட்டம். 1987-ல் ஷுகர் ரே லெனர்டுடன் ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை.

மான்சோன் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது அவருடைய நீளமான கையை. அளவை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். மான்சோனுக்குக் கை வீச்சு 76 அங்குலம், ஹாக்லருக்கு 75. ஒரே ஒரு அங்குலம். உயரத்தில் சுமார் இரண்டு அங்குலம் கூடுதல். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒருவரைத் தூரத்திலேயே நிறுத்திவிட முடியாது. மான்சோன் நிறுத்தியது வேறு விதத்தில். அவர் நெட்டுக்குத்தாக நிற்பார், எடையைப் பின்னங்காலில் வைத்திருப்பார், தலை எப்போதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். குத்து வந்தால் தலையை இன்னும் கொஞ்சம் சாய்ப்பார், அது மூக்குக்கு முன்னால் காற்றில் முடியும். உடனே இவருடைய வலது கை நேராகக் கிளம்பும். பார்க்க அழகே இருக்காது. ஏதோ அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் மாதிரி ஒரே வேகத்தில், அலட்டாமல், பதினைந்து சுற்றும் அதையே செய்வார்.

ஹாக்லர் இடதுகை நிலைப்பாட்டில் நிற்பவர், அதாவது வலது கையும் வலது காலும் முன்னால் இருக்கும். வலதுகை வீரரும் இடதுகை வீரரும் மோதும்போது இருவரின் முன்னங்கால்களும் எதிரெதிரே வந்து முட்டும். யாருடைய பாதம் வெளிப்பக்கம் இருக்கிறதோ, அவர் பின்னால் வைத்திருக்கும் கைக்குத் தாடை வரை நேர்வழி திறந்துவிடும். மான்சோனின் இடது பாதம் ஹாக்லரின் வலது பாதத்துக்கு வெளியே விழுந்தால், அந்த வலது கைக்குத் தடையே இல்லை. ஹாக்லரின் பாதம் வெளியே விழுந்தால் கதை தலைகீழ். ஆட்டத்தின் பாதி இந்த ஒரு ஜாண் இடத்துக்கான தகராறுதான். ஹாக்லரின் வலது ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்து, சாதாரணமானதல்ல. சிப்சன் அதிலேயே சிதைந்தார். அந்தத் தரத்தில் ஒரு இடதுகை வீரரை மான்சோன் சந்தித்ததே இல்லை. முதல் நாலு சுற்று அவர் குழம்புவார் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் என் மனசு மான்சோன் பக்கம் சாய்கிறது? ஹாக்லரின் ஒரு பழக்கம்தான் காரணம். தன்னை நோக்கி வருகிறவனை அவர் நொறுக்குவார். வராதவனிடம் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். 1983 நவம்பரில் ராபர்ட்டோ டுரான் அவருடன் மோதினார். லைட்வெயிட்டிலிருந்து (135 பவுண்டு) மேலே வந்தவர், உருவத்தில் சின்னவர். அப்படியிருந்தும் 13 சுற்று முடிந்தபோது இரண்டு நடுவர்களின் மதிப்பெண் அட்டையில் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தவர் டுரான். கடைசி இரண்டு சுற்றை எடுத்துத்தான் ஹாக்லர் தப்பித்தார். 1987-ல் லெனர்டிடம் வலதுகை நிலையில் ஆரம்பித்து முதல் சுற்றுகளைத் தாரை வார்த்தார். அந்த ஆட்டம் 12 சுற்று. திரும்பிப் பிடிக்க நேரம் போதவில்லை.

உடனே ஹாக்லரிடம் தோற்ற தாமஸ் ஹியர்ன்ஸ் பெயர் வரும், தெரியும். 1985 ஏப்ரல் 15, சீசர்ஸ் பேலஸ், மூன்றாவது சுற்றிலேயே முடிந்த ஆட்டம். ஹியர்ன்ஸ் மான்சோனைவிட உயரம், கையும் நீளம், அவரையே ஹாக்லர் பிளந்துவிட்டாரே என்பார்கள். ஆனால் ஹியர்ன்ஸ் நின்று திருப்பி அடித்தார். முதல் சுற்றில் ஹாக்லரின் மண்டையில் அடித்தே தன் வலது கையை உடைத்துக்கொண்டார். மான்சோன் அந்த அழைப்பை ஏற்கிற ஆளே இல்லை. நெருங்கினால் முழங்கையால் தள்ளுவார், கழுத்தில் சாய்வார், கட்டிப்பிடிப்பார், ஒரு அடி பின்வைத்து மறுபடி முத்திரை குத்துவார். பார்வையாளர்களுக்காக அவர் ஒரு குத்துகூட வீணாக்கியதில்லை.

பொது எதிரி ஒருவர் உண்டு: பென்னி பிரிஸ்கோ. மான்சோன் அவரோடு 1967-ல் டிரா செய்தார், 1972-ல் 15 சுற்றில் ஜெயித்தார். ஹாக்லர் 1978-ல் பிலடெல்பியாவில் 10 சுற்றில் ஜெயித்தார். ஆனால் அப்போது பிரிஸ்கோவுக்கு வயது 35, ஆகவே அதை வைத்து எடை போட முடியாது. எனக்கு வேண்டியது 1972 ஆட்டத்தின் ஒன்பதாவது சுற்றுதான். பிரிஸ்கோவின் ஒரு குத்தில் மான்சோன் தள்ளாடினார். கட்டிப்பிடித்து, நேரத்தை ஓட்டித் தப்பினார். 1977-ல் வால்டெஸ் இரண்டாவது சுற்றில் அவரைத் தரையிலேயே உட்கார வைத்தார். இரண்டு முறையும் அடித்தது கனமாகக் குத்துகிற, உள்ளே நுழைகிற ஆட்கள். ஹாக்லருக்கான கதவு அதுதான்.

தாடை விஷயத்தில் ஹாக்லர்தான் ஒரு படி மேல். அவர் கீழே விழுந்ததாகக் கணக்கில் உள்ளது ஒரே முறை, 1984-ல் ஹுவான் ரோல்டானிடம். அதுவும் தள்ளுமுள்ளில் விழுந்தது என்பதுதான் என் கட்சி. அவரை மான்சோன் நாக்அவுட் செய்வார் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

மான்சோனுக்கு ஓட்டுப் போடுவது ரிங்குக்குள் மட்டும்தான். வெளியே, துணைவியைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறை போனவர் அவர். 1995-ல் சிறையிலிருந்து விடுப்பில் வந்தபோது கார் விபத்தில் இறந்தார்.

சரி, மணி அடிக்கட்டும். முதல் நாலில் மூன்று சுற்று ஹாக்லருக்கு. ஐந்தாவதில் மான்சோனின் பாதம் வெளிப்பக்கம் விழத் தொடங்குகிறது, வலது கை நெற்றியில் பட ஆரம்பிக்கிறது. எட்டாவதில் ஹாக்லரின் புருவத்துக்கு மேல் வெட்டு. ஒன்பதாவதில் ஹாக்லரின் ஒரு இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) மான்சோனின் முழங்கால் மடங்குகிறது. பிரிஸ்கோவிடம் செய்ததையே செய்கிறார், கட்டிப்பிடி. பத்திலிருந்து பதிமூன்றுவரை அதே அலுப்பான முத்திரை. பதினாலாவது சமம். பதினைந்தில் ஹாக்லர் நிலையையெல்லாம் மறந்துவிட்டுப் பாய்கிறார், அந்தச் சுற்று முழுக்க அவருடையது. என் அட்டையில் மான்சோனுக்கு 8, ஹாக்லருக்கு 6, சமம் 1. சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9, சமமானால் இருவருக்கும் 10 என்று போட்டால் 144-142. ஹாக்லர் மொட்டைத் தலையில் ரத்தத்தோடு நடுவர் மேசையை முறைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஒன்பதாவது சுற்றில் யோசிக்காமல் இன்னும் இரண்டு குத்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானே இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிறேன்.